எண்ணியவர்களும் வெட்டியவர்களும்

பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார்கள். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் விடியற்காலையில் இறங்குவது பதநீர். சுண்ணாம்பு தடவாவிட்டால் இறங்குவது கள். மரம் ஒன்றே, பாளை ஒன்றே, ஊறிய சாறும் ஒன்றே. ஆயினும் ஒன்று இனிக்கிறது; மற்றொன்று நுரைத்துப் புளிக்கிறது. இந்த வேற்றுமையை விளைவிப்பவை கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள். அவற்றுள் தலையாயது ஈஸ்ட். சுண்ணாம்பின் காரத்தில் அது தழைப்பதில்லை. நம் முன்னோர் ஈஸ்டைக் கண்டதில்லை. ஆனால் அதனைத் தடுக்கும் வழியை நன்கு அறிந்திருந்தனர்.

நான் வாழும் வில்லாபுரம் மதுரை மாநகரின் தென்புறத்தில் உள்ளது. அவ்வூர்த் தேநீர்க் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கும் பன்னைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே தேனடை போலச் சின்னஞ்சிறு அறைகள் தெரியும். மாவிலிருந்த சர்க்கரையை ஈஸ்ட் உண்டு, கரியமில வாயுவை வெளியிட்டது. அந்த வாயு விட்டுச் சென்ற அறைகளே அவை. கள்ளைப் புளிக்க வைக்கும் இனமும் மாவை உப்ப வைக்கும் இனமும் உறவினமே. அறிவியலார் அதனைச் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்று பெயரிட்டு அழைக்கின்றனர்.

இன்று நான் பேசப் புகுவது ஈஸ்ட் நமக்கு ஆக்கித் தரும் பண்டங்களைப் பற்றியன்று. அதன் உடலுக்குள் இருக்கும் குரோமோசோம்களைப் பற்றியே. மனிதர் அவற்றை எண்ண முயன்றனர்; எண்ணும்போது இடறினர்; பிறகு அவற்றை வெட்டவும் ஒட்டவும் கற்றனர்; இறுதியில் அவற்றின் வடிவத்தையும் எண்ணிக்கையையும் மாற்றியமைத்தனர். இந்த வரலாற்றில் கோபன்ஹேகனும் பாரிசும் டோக்கியோவும் வருகின்றன. பெங்களூரும் நம் மதுரையும்கூட வருகின்றன. ஆதலின் இதனை நாம் அறிந்திருத்தல் தகும்.

ஈஸ்டின் ஓர் உயிரணு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் இருநூற்றில் ஒரு பங்கு அகலமுடையது. அவ்வளவு சிறிய உடலுக்குள் உட்கரு ஒன்று இருக்கிறது. மனிதனின் உயிரணுவில் இருப்பது போன்ற உட்கருவே அது. உட்கருவுக்குள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை, துண்டு துண்டாகச் சுருண்டு கிடக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு குரோமோசோம். இழை முழுவதிலும் நான்கே எழுத்துகள் மாறி மாறி வருகின்றன. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்பன அவற்றின் பெயர்கள். சுருக்கமாக ஏ, டி, ஜி, சி என்பர்.

ஓலைச்சுவடி பார்த்தவர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். ஒரு நூல் பதினாறு சுவடிக் கட்டுகளாக இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கட்டு ஒன்றுக்குப் பல இலட்சம் எழுத்துகள். பதினாறு கட்டுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் எழுத்துகள். அவற்றில் எழுதப்பட்ட கட்டளைகள், அதாவது மரபணுக்கள், ஏறத்தாழ 6,000. இதுவே ஈஸ்டின் நூல். அந்த இழையைப் பிரித்து நேராக நீட்டினால் நான்கு மில்லிமீட்டர் நீளம் வரும். தன் அகலத்தைப்போல் எண்ணூறு மடங்கு நீளமுள்ள நூலை ஈஸ்ட் தன் வயிற்றுக்குள் சுருட்டி வைத்திருக்கிறது!

பதினாறு என்று இப்போது எளிதாகச் சொல்லிவிட்டேன். ஆனால் இவ்வெண்ணை அடைய அறிவுலகம் பல பத்தாண்டுகள் உழைத்தது.

1935-ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த ஓய்வின் விங்கே என்பார், ஈஸ்டுக்கு இருவகை வாழ்வு உண்டென்று காட்டினார். ஒருவகை வாழ்வில் குரோமோசோம் தொகுதி ஒன்று, மறுவகையில் இரண்டு. அமெரிக்காவில் கார்ல் லிண்டெகிரன் 1940-களில் ஈஸ்டிலும் இரு பால்கள் போன்ற பிரிவு உண்டென நிறுவினார். இவ்வாறு ஈஸ்டின் மரபியல் தொடங்கியது. மரபியல் தொடங்கியவுடன் எழும் முதல் வினா எது? குரோமோசோம்கள் எத்தனை என்பதே.

அவ்வினாவை எடுத்துக்கொண்டவர்களுள் ஒருவர் எம். கே. சுப்பிரமணியம். சென்னையில் விலங்குகளின் உயிரணுக்களை ஆராய்ந்து பழகியவர். பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தில் ஈஸ்டின் உயிரணு ஆராய்ச்சியை 1940-களில் வளர்த்தார். பி. ரங்கநாதன் அவருக்கு உற்ற துணையாக இருந்தார். அவர்கள் எழுதிய குறிப்புகள் இலண்டனிலிருந்து வெளிவரும் நேச்சர் இதழிலும் இடம்பெற்றன. நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அசநாப்தீன் என்ற பொருளை ஈஸ்டுக்கு ஊட்டி, அதன் குரோமோசோம் தொகுதியை இரட்டிக்கச் செய்ய அவர்கள் முயன்றனர். பெரிய உடலுள்ள ஈஸ்ட் வகைகளைப் பெற்று அவற்றை விரிவாக வருணித்தனர். குரோமோசோமைக் கண்டறிவதோடு நில்லாமல், அதனை மாற்றியமைத்தால் உயிருக்கு என்ன நேரும் என்றும் கேட்ட முயற்சி அது. நாடு விடுதலை பெறாத காலத்தில், ஒரு நுண்ணோக்கியையும் சில சாயப் புட்டிகளையும் துணையாகக் கொண்டு செய்த பணி என்பதை மறவாதீர்கள்.

1950-களில் வேறொரு தமிழரும் இத்துறையில் புகுந்தார். கும்பகோணத்தில் பிறந்து, பின்னர் நெல்லிலும் கோதுமையிலும் புகழ்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன்தாம் அவர். ஏ. டி. கணேசன் என்பாருடன் சேர்ந்து, ஈஸ்டின் உட்கருவுக்குச் சாயமேற்றும் முறையைப் பற்றி 1958-இல் அவர் எழுதினார். பசுமைப் புரட்சியின் தந்தை எனப் போற்றப்படுபவர் ஒருகாலத்தில் ஈஸ்டின் உட்கருவை உற்று நோக்கியிருந்தார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

இத்துணை முயற்சிக்குப் பின்னும் எண்ணிக்கை உறுதிப்படவில்லை. பெங்களூரில் ஓர் எண். அமெரிக்காவில் வேறோர் எண். ஐரோப்பாவில் மற்றோர் எண். நுண்ணோக்கியின் வழியே கண்டவர்கள் பலரும் சொன்ன எண்கள் மிகச் சிறியவை. சில எண்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

காரணம் என்ன? வெங்காய வேரின் உயிரணு பிரியும்போது குரோமோசோம்கள் தடித்துக் குட்டையாகித் தனித்தனியே தெரியும். அதனைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே நீங்கள் கண்டிருப்பீர்கள். ஈஸ்டின் குரோமோசோம்கள் அவ்வாறு தடித்துத் திரள்வதில்லை. அவற்றின் அளவோ மிகவும் நுண்ணியது. மிகச் சிறிய குரோமோசோமில் 2,30,000 எழுத்துகளே உள்ளன. சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கு ஒரு வரம்பு உண்டு. அவ்வரம்புக்குக் கீழே இருப்பவற்றை அது பிரித்துக் காட்டாது. பல குரோமோசோம்கள் ஒன்றாய்த் திரண்டு ஒரே புள்ளியாகத் தோன்றும். இருப்பவை பல, தெரிந்தவை சில. பார்த்தவர்களின் கண்ணில் குறையில்லை. கருவியின் ஆற்றல் அவ்வளவே.

கண்ணால் முடியாததைக் கணக்கு முடித்தது. ஈஸ்டுகளைக் கலந்து, எந்த மரபணு எதனோடு சேர்ந்து செல்கிறது என்று பல்லாண்டுகள் கணக்கிட்டு, மரபணு வரைபடம் வரைந்தனர். வரைபடம் வளர வளர எண்ணிக்கையும் வளர்ந்தது. 1984-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷ்வார்ட்சும் சார்லஸ் கேண்டரும் புதியதொரு முறையைக் கண்டனர். குரோமோசோம்களைக் கூழ்ப் பாளத்தில் இட்டு, மின்சாரத்தின் திசையை மாற்றி மாற்றிச் செலுத்தினர். சிறியவை விரைந்து ஓடின, பெரியவை பின்தங்கின. குரோமோசோம்கள் கோடு கோடாகப் பிரிந்து நின்றன. 1996-இல் ஈஸ்டின் நூல் முழுவதும் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்டது. உட்கரு உடைய உயிர்களில் முழுவதும் படிக்கப்பெற்ற முதல் நூல் அதுவே. பதினாறு என்னும் எண் ஐயமறத் துலங்கியது.

ஒருமுறை என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, எண்ணிக்கையைத் தவறாகச் சொன்னவர்களை வரலாற்றில் எதற்குச் சேர்க்க வேண்டும்?" நல்ல வினா. இதற்குரிய விடையை இப்பேச்சின் இறுதியில் நாம் பெறுவோம். அதற்கு முன், வெட்டியவர்களின் கதையைக் கேட்க வேண்டும்.

பாக்டீரியாக்களுக்கும் பகைவர் உண்டு. அவற்றைத் தாக்கும் வைரசுகளுக்கு ஃபேஜ் என்று பெயர். ஃபேஜ், பாக்டீரியாவின் மேல் அமர்ந்து தன் டி.என்.ஏ. இழையை உள்ளே செலுத்தும். அவ்விழை உள்ளே புகுந்ததும் பாக்டீரியாவையே தன் பணிமனையாக்கிக் கொள்ளும். ஆனால் சில வகைப் பாக்டீரியாக்களில் இந்தச் சூழ்ச்சி பலிப்பதில்லை என்பதை 1950-களின் தொடக்கத்தில் சால்வடார் லூரியா முதலியோர் கண்டனர். ஏன் பலிக்கவில்லை? 1960-களில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வெர்னர் ஆர்பர் விடை பகர்ந்தார். பாக்டீரியாவுக்குள் ஒருவகை நொதி காவல் புரிகிறது. அது அயலான் இழையை வெட்டி எறிகிறது. தன் வீட்டு இழையில் மட்டும், வெட்டும் இடத்தில் சிறியதோர் அடையாளக் குறியை முன்னரே இட்டு வைத்திருக்கிறது. குறி உள்ளது தப்பும். குறி இல்லாதது துண்டாகும்.

1970-இல் அமெரிக்காவில் ஹாமில்டன் ஸ்மித், குறிப்பிட்ட ஓர் எழுத்துத் தொடரைக் கண்டவிடத்து மட்டும் வெட்டும் நொதியைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டே டேனியல் நேதன்ஸ் அதனைக் கொண்டு ஒரு வைரசின் டி.என்.ஏ.வைப் பதினொரு துண்டுகளாக்கிக் காட்டினார். கத்தரிக்கோல் எந்தத் துணியையும் எங்கும் வெட்டும். இந்த நொதியோ தனக்குரிய சொல்லைக் கண்டால்தான் வெட்டும். அதில்தான் இதன் அருமை இருக்கிறது. ஆர்பர், ஸ்மித், நேதன்ஸ் ஆகிய மூவருக்கும் 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடத்தில் மதுரையின் பெயர் வருகிறது. கே. தர்மலிங்கம் அமெரிக்காவில் எட்வர்டு கோல்ட்பெர்க் என்பாருடன் பணியாற்றியபோது, இவ்வெட்டு நொதிகள் உயிருள்ள பாக்டீரியாவுக்குள் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதை ஆராய்ந்தார். அவர்களுடைய கட்டுரைகள் 1976-இல் நேச்சர் இதழில் வெளிவந்தன. டி4 என்னும் ஃபேஜ் தன் டி.என்.ஏ.வின் மேல் சர்க்கரை மூலக்கூறுகளைப் போர்வையாகப் போர்த்திக் கொள்கிறது. அதனால் வெட்டுக்குத் தப்புகிறது. அந்தப் போர்வையை நீக்கிவிட்டால் அதன் குரோமோசோமுக்கு என்ன நேர்கிறது? எங்கே வெட்டு விழுகிறது? வெட்டைத் தடுக்க டி4 தனக்கென வேறு புரதம் எதையேனும் வைத்திருக்கிறதா? இவையே அவர்கள் எடுத்துக்கொண்ட வினாக்கள். அப்படியொரு காப்புப் புரதம் உண்டென்றே அவர்கள் கண்டனர். காவலனிடம் வாள், கள்வனிடம் கேடயம். புறநானூற்றுப் போர்க்களத்தைவிட நெருக்கமான போர் ஒரு பாக்டீரியாவுக்குள் நடக்கிறது!

பின்னர் அவர் மதுரைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்ந்தார். 1966-இல் தோன்றி, 1978 முதல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்ற கல்விக்கூடம் அது. நகருக்கு மேற்கே, நாகமலையை அடுத்துத் தேனிச் சாலையில் உள்ளது. அங்கே மரபுப் பொறியியல் ஆராய்ச்சி வளர்ந்தது. 1980-களின் நடுவில், நாட்டிலேயே முதன்முதலாக உயிர்த்தொழில்நுட்ப முதுகலை வகுப்பைத் தொடங்கிய சில பல்கலைக்கழகங்களுள் அதுவும் ஒன்று. அக்காலத்தில் வெட்டு நொதிகள் பெரும்பாலும் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. குளிர் குறைந்தால் நொதி கெடும். மதுரையின் சித்திரை வெயிலை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. 1980-களின் இறுதியில் பெங்களூரில் உள்நாட்டிலேயே நொதிகளைத் தயாரிக்கத் தொடங்கிய பின்னரே இக்குறை தணியலாயிற்று. ஒரு துறையின் வரலாற்றை எழுதும்போது அறிஞரின் பெயரை எழுதுகிறோம். பனிக்கட்டிப் பெட்டியைக் காத்து நின்றவரை எழுதுவதில்லை. அவரும் அவ்வரலாற்றில் பங்குடையவரே.

இனி, நொதியும் ஈஸ்டும் ஒன்றையொன்று சந்தித்த கதைக்கு வருவோம்.

1978-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு ஃபிங்கும் அவருடைய துணைவர்களும், லியூசின் என்னும் அமினோ அமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாத ஈஸ்டை எடுத்தனர். அதற்குரிய மரபணுவை வெளியிலிருந்து செலுத்தினர். மரபணு ஈஸ்டின் குரோமோசோமிலேயே போய் அமர்ந்தது. குறை நீங்கியது. 1981-இல் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. செலுத்தும் டி.என்.ஏ.வை நொதியால் முன்னரே வெட்டி, முனை திறந்த நிலையில் கொடுத்தால், அது தன்னை ஒத்த எழுத்துத் தொடர் உள்ள இடத்தை ஈஸ்டின் குரோமோசோமில் தேடிச் சென்று மிக எளிதாகப் பொருந்திக்கொள்கிறது. வெட்டுப்பட்ட முனையை வெறுமனே விட்டுவைக்க ஈஸ்ட் விரும்புவதில்லை. எங்கே வெட்டு உண்டோ அங்கே ஒட்டும் வேலையைத் தொடங்கிவிடும். மனிதர் செய்வது வெட்டு மட்டுமே. தையலை ஈஸ்ட் தானே தைத்துக்கொள்கிறது.

வெட்டுவது ஈஸ்டுக்குப் புதிய அனுபவமும் அன்று. தன் பாலினப் பிரிவை மாற்றிக்கொள்வதற்காக அதுவே தன் மூன்றாம் குரோமோசோமில் ஓரிடத்தை நொதியால் வெட்டி, அங்கிருந்த தொடரை எடுத்துவிட்டு வேறொரு தொடரைப் படி எடுத்து வைக்கிறது. நாம் கற்ற வித்தையை ஈஸ்ட் நமக்கு முன்னரே கற்றிருந்தது.

குரோமோசோமுக்கு இரு முனைகள் உண்டு. அந்த முனைகளுக்குக் காப்பு இல்லையேல் இழை தேயும், அல்லது வேறொன்றோடு ஒட்டிக்கொள்ளும். 1982-இல் ஜாக் ஷோஸ்டாக்கும் எலிசபெத் பிளாக்பர்னும், குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்னும் ஓரணு உயிரின் முனைகளை எடுத்து, நொதியால் வெட்டிய ஈஸ்டின் டி.என்.ஏ. வளையத்தோடு சேர்த்தனர். வளையம் நேர்கோடாகி ஈஸ்டுக்குள் நிலைத்து நின்றது. இத்துணை வேறுபட்ட ஈருயிர்களும் முனையைக் காக்க ஒரே முறையைக் கையாள்கின்றன என்பது அதனால் புலப்பட்டது. மறு ஆண்டில் முனை, நடுக்கணு, படியெடுக்கத் தொடங்கும் இடம் ஆகிய உறுப்புகளைக் கோத்து ஷோஸ்டாக்கின் குழுவினர் செயற்கைக் குரோமோசோம் ஒன்றையே சமைத்தனர். முனைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காகப் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஷோஸ்டாக் ஆகியோர் 2009-இல் நோபல் பரிசு பெற்றனர்.

1992-இல் பாரிசிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் பெர்னார்டு துஜோனும் ஆக்னெஸ் தியெரியும் வேறொரு நொதியைக் கையாண்டனர். அது ஈஸ்டின் மைட்டோகாண்டிரியாவில் கிடைத்தது. பதினெட்டு எழுத்துகள் கொண்ட தொடரைக் கண்டால்தான் அது வெட்டும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நீங்களே போட்டுப் பார்க்கலாம். நான்கு எழுத்துகளைக் கொண்டு பதினெட்டு எழுத்துத் தொடர்கள் எத்தனை அமைக்கலாம்? நான்கைப் பதினெட்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 6,870 கோடி வரும். ஈஸ்டின் நூலிலோ 1 கோடியே 20 இலட்சம் எழுத்துகளே உள்ளன. ஆதலின் அத்தொடர் அதன் குரோமோசோம்களில் தற்செயலாக வருவது அரிதினும் அரிது. ஆய்வாளர் தாம் விரும்பிய ஓரிடத்தில் அத்தொடரை வைத்தால், அந்த ஓரிடத்தில் மட்டும் குரோமோசோம் இரண்டாகும்.

இதற்கு நேர்மாறான வழியை ஜப்பானியர் தேர்ந்தனர். வெந்நீர் ஊற்றுகளில் வாழும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்னும் பாக்டீரியாவைத் தாமஸ் பிராக் 1960-களில் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் கண்டெடுத்தார். டாக்-1 என்னும் வெட்டு நொதி அதனுடையது. டி, சி, ஜி, ஏ என்ற நான்கே எழுத்துகளைக் கண்டால் அது வெட்டும். நான்கை நான்கு முறை பெருக்கினால் 256. ஆகவே சராசரியாகச் சில நூறு எழுத்துக்கு ஒரு வெட்டிடம். ஈஸ்டின் நூல் முழுவதிலும் பல பதினாயிரம் இடங்கள்! எல்லா இடத்திலும் வெட்டினால் ஈஸ்ட் பிழைக்குமா? பிழைக்காது. ஆனால் வெந்நீரில் பிறந்த இந்நொதிக்கு 65 பாகை வெப்பமே உகந்தது. ஈஸ்ட் வளரும் 30 பாகையில் அது ஏறக்குறைய உறங்கிக் கிடக்கும்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் குனிஹிரோ ஓட்டாவும் அவர் குழுவினரும் இந்த உறக்கத்தைப் பயன்படுத்திக் கொண்டனர். அந்நொதியை ஆக்கும் மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்தனர். ஈஸ்ட் தாங்கக்கூடிய அளவுக்குச் சிறிது நேரம் வெப்பத்தை ஏற்றினர். நொதி அரைத் தூக்கத்தில் கண்விழித்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில இடங்களை வெட்டியது. உடனே குளிர்வித்தனர், நொதி மீண்டும் துயின்றது. வெட்டுண்ட முனைகளை ஈஸ்ட் அவசரமாக ஒட்டத் தொடங்கியது. பல முனைகள் ஒரே வேளையில் திறந்து கிடந்தால், எது எதனோடு சேர வேண்டும் என்பதில் குழப்பம் நேரும். ஒரு குரோமோசோமின் பகுதி மற்றொன்றோடு ஒட்டிக்கொண்டது. சில பகுதிகள் இரட்டித்தன, சில மறைந்தன. அவிழ்ந்த சுவடிகளை இருட்டில் மீண்டும் கட்டியது போன்ற நிலை. இம்முறையை அவர்கள் 2018-இல் வெளியிட்டனர்.

இதனால் என்ன பயன் என்பீர்கள். ஒரே வகை ஈஸ்டிலிருந்து, குரோமோசோம் அமைப்பில் வேறுபட்ட பல வகைகள் குறுகிய காலத்தில் கிடைக்கின்றன. இயற்கை நெடுங்காலம் எடுத்துச் செய்யும் மாற்றத்தைச் சிறு கண்ணாடிக் குழாயில் விரைவுபடுத்தலாம். அவற்றுள் வேண்டிய குணமுள்ளதை உழவர் விதை நெல்லைத் தேர்வது போலத் தேர்ந்து வளர்க்கலாம். வைக்கோலிலும் கரும்புச் சக்கையிலும் சைலோஸ் என்னும் சர்க்கரை மறைந்திருக்கிறது. இயற்கையான ரொட்டி ஈஸ்டால் அதனைப் புளிக்க வைக்க இயலாது. அதனை எரிசாராயமாக மாற்றவல்ல ஈஸ்டைப் பெறப் பல நாட்டவரும் முயல்கின்றனர். வைகைப் பாசனத்தில் அறுவடை முடிந்தபின் குவியும் வைக்கோலைக் கண்டவர்களுக்கு இம்முயற்சியின் பெருமை விளங்கும்.

மற்றொரு பயன் மனிதனைப் பற்றியது. மனிதனின் 9-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியும் 22-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் ஒருவகை இரத்தப் புற்றுநோய் உண்டாகிறது. இதனை ஜேனட் ரோலி 1973-இல் கண்டறிந்தார். வெட்டுண்ட முனை தவறான துணையோடு சேர்ந்தால் என்ன நேரும் என்பதை மனிதனிடத்தில் சோதித்துப் பார்க்க முடியாது. ஈஸ்டில் பார்க்கலாம். நம் தேநீர்க் கடைப் பன்னை உப்ப வைக்கும் சிற்றுயிர், நோயாளிக்காக அப்பரிசோதனையை ஏற்றுக்கொள்கிறது.

அதே 2018-ஆம் ஆண்டில் உலகை வியக்க வைத்த மற்றொரு செய்தியும் வந்தது. சீனாவின் ஷாங்காய் நகரிலும் அமெரிக்காவின் நியூயார்க் நகரிலும் இருந்த இரு குழுக்கள் நேச்சர் இதழில் தத்தம் முடிவுகளை வெளியிட்டன. வேண்டிய இடத்திற்கு வழிகாட்டி அழைத்துச் செல்லத்தக்க காஸ்-9 என்னும் வெட்டு நொதியைக் கொண்டு, அவர்கள் ஈஸ்டின் குரோமோசோம்களை முனையோடு முனையாக இணைத்தனர். மிகையான நடுக்கணுக்களையும் முனைகளையும் நீக்கினர். நியூயார்க் குழுவினர் பதினாறை இரண்டாக்கினர். ஷாங்காய்க் குழுவினர் பதினாறை ஒன்றாக்கினர். எழுத்துகள் ஏறக்குறைய அவையே. கட்டு மட்டும் வேறு. அந்த ஈஸ்ட் பிழைத்ததா? பிழைத்தது, சிறு குறைகளோடு நன்றாகவே வளர்ந்தது. ஆனால் குரோமோசோம் குறைந்த ஈஸ்டைப் பதினாறு குரோமோசோம் உள்ள ஈஸ்டோடு கலந்தபோது, பிழைக்கும் வழித்தோன்றல்கள் மிக அரிதாயின. நூல் ஒன்றாக இருந்தாலும் கட்டு வேறுபட்டால் இரு குலங்களும் ஒன்றுகூடி வாழ இயலாமற் போகிறது. ஓர் இனம் இரண்டு இனங்களாகப் பிரிவது எவ்வாறு என்ற பழைய வினாவுக்கு இது ஒரு புதிய ஒளி.

இப்போது அந்த மாணவரின் வினாவுக்கு விடை கூறுவோம். பெங்களூர் நுண்ணோக்கியில் தெரிந்த எண் சிறியது. இயற்கையில் உள்ள எண் பதினாறு. அவ்வளவில் பார்த்தால் பழைய எண்ணிக்கை தோற்றது. ஆனால் அவர்கள் கேட்ட வினாக்கள் இரண்டு. ஈஸ்டுக்குக் குரோமோசோம்கள் எத்தனை என்பது ஒன்று. அவற்றை மாற்றினால் ஈஸ்ட் எவ்வாறு மாறும் என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு அவர்களுடைய கருவி போதவில்லை. இரண்டாம் வினாவோ இன்றும் உயிரோடிருக்கிறது. அசநாப்தீனைக் கையிலெடுத்து அவர்கள் தட்டிய கதவைத்தான் டோக்கியோவும் ஷாங்காயும் நியூயார்க்கும் நொதியைக் கொண்டு திறந்தன. ஒருவகையில், சிறிய எண்ணுடைய ஈஸ்டும் இன்று உலகில் உண்டு. இயற்கை தராததை மனிதர் ஆக்கிக்கொண்டனர்.

விடை பிழையாகலாம், வினா சரியாக இருந்தால் அது வரலாற்றில் நிற்கும். விடை சரியாக இருந்தும் வினா சிறிதாக இருந்தால் அது மறக்கப்படும். எண்ணியவர்கள் இல்லையேல் வெட்டியவர்கள் தோன்றியிருக்க மாட்டார்கள்.

வெட்டும் ஆற்றல் கைக்கு வந்தபின் பொறுப்பும் கூடுகிறது. சுவடியைப் பதிப்பிப்பவர் ஓர் ஏட்டை இடம் மாற்றும் முன் பன்முறை படிப்பார்; தாம் செய்த மாற்றத்தைக் குறித்து வைப்பார்; மூல ஏட்டை அழிக்க மாட்டார். உயிரின் நூலைத் திருத்தப் புகுவோருக்கும் இந்த ஒழுக்கம் வேண்டும். மாற்றியமைத்த உயிரை ஆய்வகத்தின் காப்புக்குள் வைத்துச் சோதிப்பதும், செய்ததை ஒளிக்காமல் எழுதுவதும், பழைய வகையைப் பேணிக் காப்பதும் அந்த ஒழுக்கத்தின் பகுதிகள்.

மாணவ நண்பர்களே, இத்துறை இன்னும் முடிந்துவிடவில்லை. நம் பனங்கள்ளிலும் இட்டிலி மாவிலும் ஆப்ப மாவிலும் வாழும் ஈஸ்டு வகைகளின் குரோமோசோம்களைப் பற்றி அறிய வேண்டியவை பல உள. அவற்றை எண்ணுவதற்கு இன்று நல்ல கருவிகள் உள்ளன. வெட்டுவதற்கு நல்ல நொதிகள் உள்ளன. வேண்டுவது, "எத்தனை?" என்றும் "மாற்றினால் என்னாகும்?" என்றும் கேட்கும் துணிவு. அத்துணிவு உங்களுக்கு வாய்ப்பதாக.